அத்தை கேட்ட கேள்வி

புத்தர் பெருமானின் வரலாற்றைச் சென்ற வாரம் எழுதி முடித்தேன். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் வழக்கம்போல் அத்தையிடம் படித்துக் காட்டினேன். நான் எழுதுவதற்கெல்லாம் முதல் வாசகி அத்தைதான். கண் பார்வை மங்கிப் போனபிறகு, வாசகி என்பதைவிட 'கேட்பவர்' என்று சொல்வதே பொருத்தம். கூடத்துத் தூணில் சாய்ந்துகொண்டு, மொச்சைக்காய் உரித்தபடியே கேட்பார். பிடித்திருந்தால் "உம்" என்பார். பிடிக்காவிட்டால் மொச்சையை மட்டும் கவனிப்பார்.

சித்தார்த்தர் நள்ளிரவில் அரண்மனையை விட்டு வெளியேறும் கட்டத்தை நான் கொஞ்சம் உருக்கமாகவே எழுதியிருந்தேன். உறங்குகிற மனைவி, அவள் பக்கத்தில் பச்சைக் குழந்தை, வாசலில் காத்திருக்கும் குதிரை, வானத்தில் நிலவு, ஒன்றையும் விடவில்லை. படித்துவிட்டுப் பெருமையோடு அத்தையின் முகத்தைப் பார்த்தேன்.

"நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் மறுநாள் காலையிலே அந்த வீட்டிலே என்ன நடந்தது என்று எழுதவில்லையே?" என்றார் அத்தை.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நேயர்களே, அத்தை கேட்டது ஏட்டுக் கேள்வி அல்ல. முப்பத்தெட்டு வருஷங்களுக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் அத்தையின் கணவர், 'ஞானம் தேடிப் போகிறேன்' என்று இரண்டு வரி எழுதி வைத்துவிட்டுப் போனார். திரும்பவே இல்லை. அன்று மூத்த பையனுக்கு ஆறு வயது. பெண் குழந்தைக்கு எட்டு மாதம். ஒரு தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு இருவரையும் ஆளாக்கினார் அத்தை. எங்கள் குடும்பத்து ஆண்கள் அந்தப் பேச்சை எடுத்தால், "அவருக்கென்ன, பற்றை அறுத்த பெரிய மனிதர்!" என்பார்கள். அத்தை எழுந்து உள்ளே போய்விடுவார்.

அந்தக் கேள்வி என்னை ஒரு வாரம் விடவில்லை. மதங்களை நடத்திய மகான்களின் வரலாறுகளை மறுபடியும் எடுத்துப் புரட்டினேன். இதுவரை தெருவாசலில் நின்று பார்த்த வீடுகளை, இந்தத் தடவை கொல்லைப்புறத்து வழியாக உள்ளே போய்ப் பார்த்தேன். மறுபடியும் மொச்சைக்காயும் கையுமாக அத்தை உட்கார்ந்தபோது, கண்டதை ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

பிள்ளை கேட்ட பங்கு

முதலில் கபிலவஸ்து. சித்தார்த்தர் போன இரவு நமக்கெல்லாம் மனப்பாடம். அவர் திரும்பி வந்த பகலை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஞானம் பெற்ற பிறகு புத்தர் சொந்த ஊருக்கு வந்தார். ஊரே எதிர்கொண்டு வணங்கியது. யசோதரை மட்டும் எழுந்து போகவில்லை. தன்னிடம் ஏதேனும் நற்குணம் இருந்தால் அவரே தன்னைத் தேடி வரட்டும் என்று தன் அறையிலேயே இருந்துவிட்டாள் என்கிறது பௌத்த மரபு. புத்தர் தேடிக்கொண்டுதான் போனார்.

பிறகு அவள் மகன் ராகுலனை அழைத்து, "அதோ போகிறாரே, அவர்தான் உன் தகப்பனார். உனக்குச் சேரவேண்டிய பங்கைக் கேள்" என்று அனுப்பினாள். ஏழு வயதுப் பிள்ளை. புத்தரிடம் பங்காகக் கொடுக்க என்ன இருந்தது? துறவு ஒன்றுதான். அதையே பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்!

கிழவர் சுத்தோதனர் துடித்துப்போனார். மகன் போனான், இன்னொரு மகன் நந்தனும் போனான், இப்போது பேரனும் போய்விட்டான். அவர் நேரே புத்தரிடம் வந்து, இந்த வேதனை எலும்புவரை இறங்குகிறது என்று முறையிட்டார். இனிமேல் தாய் தந்தையர் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளைக்கும் துறவு கொடுக்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டார். புத்தர் அதை ஏற்றுச் சங்கத்தின் விதியாகவே ஆக்கினார்.

"ஒரு கிழவர் வாய் விட்டு அழுததாலே ஒரு சட்டம் பிறந்தது" என்றார் அத்தை. அன்றைக்கு முதல் 'உம்' அதுதான்.

அந்த வீட்டில் இன்னொருத்தியும் இருந்தாள். பெற்றவள் மாயாதேவி ஏழே நாளில் கண்ணை மூட, சித்தார்த்தரைப் பாலூட்டி வளர்த்த சிற்றன்னை மகாபிரஜாபதி கௌதமி. அவள் தானும் துறவியாக வேண்டும் என்று கேட்டாள். புத்தர் மூன்று முறை மறுத்தார். அவள் தலையை மழித்துக்கொண்டு, காவி உடுத்து, சாக்கியப் பெண்கள் பலரோடு வைசாலி வரை நடந்தே போனாள். கால்கள் வீங்கி, உடம்பெல்லாம் புழுதியாய், கண்ணீரோடு வாசலில் நின்றவளைக் கண்டு மனம் இளகினவர் ஆனந்தர். அவர் உள்ளே போய், உங்களுக்குப் பால் கொடுத்தவள் அல்லவா என்று எடுத்துச் சொல்லி வாதாடினார். கடைசியில் சம்மதம் கிடைத்தது. ஆனால் எட்டுத் தனி நிபந்தனைகளும் கூடவே வந்தன. நூறு ஆண்டு துறவிலிருந்த பிக்குணியும் அன்றைக்குத் துறவு பூண்ட பிக்குவை எழுந்து வணங்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நம் மணிமேகலை போன துறவு வழியை வாதாடித் திறந்தவள் இந்தத் தாய்தான். இலங்கையில் ஏறக்குறைய 11-ஆம் நூற்றாண்டோடு மறைந்துபோன பிக்குணிச் சங்கம், 1996-ல் சாரநாத்திலும் 1998-ல் புத்த கயாவிலும் சிங்களப் பெண்கள் தீட்சை பெற்றதால் மறுபடியும் துளிர்த்தது.

போர்வை போர்த்திய கை

அங்கிருந்து அரபு நாட்டு மக்காவுக்கு அத்தையை அழைத்துப் போனேன். இந்த வீட்டிலிருந்து யாரும் ஓடிப்போகவில்லை. நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தவரை ஏற்றுக்கொண்ட வீடு இது.

கதீஜா அம்மையார் பெரிய வணிகர், கைம்பெண். தம்முடைய சரக்குகளைச் சிரியாவுக்குக் கொண்டுபோய் விற்றுவர முகம்மது என்ற இளைஞரை அமர்த்தினார். கூடப் போன பணியாள் மைசரா திரும்பி வந்து இளைஞரின் நேர்மையைச் சொன்னான். அம்மையாரே தூது அனுப்பி மணம் பேசினார். அவருக்கு 40 வயது, மணமகனுக்கு 25 என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு.

பதினைந்து ஆண்டு கழித்து, 610-ஆம் ஆண்டில், ஹிரா குகையில் தனித்திருந்த நபிகள் நாயகத்துக்கு முதல் இறைச்செய்தி வந்தது. அவர் உடல் நடுங்க வீட்டுக்கு ஓடிவந்து, தம்மைப் போர்த்தச் சொன்னார். தமக்கு என்ன நேர்ந்துவிட்டதோ என்ற அச்சம் அவருக்கு.

இந்த இடத்தில் ஒரு மனைவி என்ன சொல்லியிருக்கலாம்? "வெயிலிலே சுற்றாதீர்கள் என்றால் கேட்டால்தானே!" என்றிருக்கலாம். உறவினரைக் கூட்டி அழுதிருக்கலாம். கதீஜா அம்மையார் முதலில் போர்த்திவிட்டார். நடுக்கம் அடங்கிய பிறகு பேசினார். இறைவன் உங்களைக் கைவிட மாட்டான். ஏனென்றால் நீங்கள் உறவினரை அரவணைக்கிறீர்கள், இல்லாதவர் சுமையைத் தாங்குகிறீர்கள், விருந்தினரை உபசரிக்கிறீர்கள் என்பதாக அவர் பேச்சு இருந்தது.

கவனித்தீர்களா? அவர் எந்தச் சாஸ்திரத்தையும் மேற்கோள் காட்டவில்லை. பதினைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்து பார்த்ததையே சாட்சியாக வைத்தார். பிறகு, வேதம் கற்ற முதியவரான தம் உறவினர் வரக்காவிடம் கணவரை அழைத்துப் போனார். இஸ்லாத்தை முதன்முதலில் ஏற்றவர் அவரே.

அதற்குப் பின் மக்கத்துக் குறைஷியர் நபிகளின் குலத்தாரோடு கொள்வினை கொடுப்பினையை நிறுத்தி ஒதுக்கிவைத்தார்கள். செல்வத்தில் பிறந்து வளர்ந்த அம்மையார், பட்டினி கிடந்த அந்த ஆண்டுகளையும் கணவரோடு பகிர்ந்துகொண்டார். 619-ல் காலமானார். அந்த ஆண்டுக்கே 'துயர ஆண்டு' என்று பெயர் வந்தது. அவர் இருந்தவரை நபிகள் வேறு மணம் செய்யவில்லை. அவர் போனபிறகும், வீட்டில் ஆடு அறுத்தால் கதீஜாவின் தோழிகளுக்கு ஒரு பங்கு தவறாமல் போகும்.

624-ல் பத்ருப் போர் நடந்தது. சிறைப்பட்டவர்களில் நபிகளின் மருமகனும் ஒருவர். அவரை மீட்க மகள் ஸைனப் அனுப்பிய பொருள்களில் ஒரு கழுத்து மாலை இருந்தது. திருமணத்தின்போது கதீஜா அம்மையார் மகளுக்குப் போட்டுவிட்ட மாலை! அதைக் கண்டதும் நபிகள் நெகிழ்ந்துபோனார். தோழர்களின் இசைவைக் கேட்டு மருமகனை விடுவித்து, மாலையையும் மகளுக்கே திருப்பி அனுப்பினார்.

அத்தை சற்று நேரம் மொச்சை உரிக்கவில்லை. அத்தையின் மாலை எந்தக் கடையில் அடகுக்குப் போய் மீளாமல் போயிற்று என்பது எனக்குத் தெரியும்.

அக்காவும் பாயசமும்

மூன்றாவது வீடு பஞ்சாபில். 1469-ல் பிறந்த குருநானக்கிடம் தகப்பனார் 20 ரூபாய் கொடுத்து, நல்ல லாபமாக வியாபாரம் செய்துவா என்று அனுப்பினார். பிள்ளை போகிற வழியில் பசித்திருந்த சாதுக்களுக்குச் சோறு போட்டுப் பணத்தைத் தீர்த்துவிட்டு, இதைவிட நல்ல லாபம் ஏது என்று வந்து நின்றாராம். தகப்பனாரின் அடிக்குக் குறுக்கே வந்தவர் அக்கா நானகி. "உருப்படாத பிள்ளை" என்று தகப்பனார் நினைத்த தம்பியை, "இவன் சாதாரணப் பிள்ளை அல்ல" என்று முதலில் கண்டுகொண்டவரும் அவரே. சீக்கியர்கள் அவரைக் குருவின் முதல் சீடர் என்று போற்றுகிறார்கள்.

நானகியின் கணவர் ஜெய்ராம் சுல்தான்பூரில் உத்தியோகத்தில் இருந்தார். தம்பியை அங்கே வரவழைத்து, அரசாங்கத் தானியக் களஞ்சியத்தில் வேலைக்கு வைத்தார்கள். அந்த ஊரில்தான் ஒரு நாள் பேயின் ஆற்றில் குளிக்கப் போனவர் மூன்று நாள் காணாமற்போனார். மூழ்கிவிட்டார் என்று ஊர் பேசியது. அக்கா மட்டும் கலங்கவில்லை என்பது மரபு. திரும்பி வந்தவர், கடவுளின் முன் இந்து என்றும் முஸ்லிம் என்றும் வேற்றுமை இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார். ரபாப் வாசிக்கும் முஸ்லிம் நண்பர் மர்தானாவோடு ஊர் ஊராகப் புறப்பட்டார். அந்த ரபாப் வாங்கப் பணம் கொடுத்ததும் அக்காதான் என்கிறார்கள்.

"போனவர் திரும்பி வந்தாரா?" என்று கேட்டார் அத்தை.

"வந்தார், அத்தை" என்றேன். ஆண்டுக்கணக்கில் சுற்றிய பிறகு, ராவி நதிக் கரையில் கர்த்தார்பூரில் குடியமர்ந்தார். மனைவி சுலக்கணியோடும் பிள்ளைகளோடும் இருந்து, 1539-ல் காலமாகும் வரை நிலத்தை உழுது பயிரிட்டார். காட்டுக்கு ஓடாமல், இல்லறத்தில் இருந்தே இறைவனை அடையலாம் என்பது அவருடைய உபதேசங்களில் முக்கியமானது. சுலக்கணி அத்தனை ஆண்டு காத்திருந்தார் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

சகோதரிகளுக்கு இன்னொரு செய்தி. அடுத்த குருவான அங்கதரின் மனைவி கீவி அம்மையார், சாதி பாராமல் எல்லோரும் ஒரே பந்தியில் உண்ணும் லங்கரைக் கவனித்துக்கொண்டார். சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாகிபில் அவர் பெயர் இருக்கிறது. அவர் நெய் விட்டுப் பரிமாறிய பாயசமும் இருக்கிறது!

நேரில் போய்ப் பார்த்தவள்

அடுத்தது நமக்குக் கொஞ்சம் நெருங்கிய காலம். 1859-ல் வங்காளத்தில் ஐந்து வயதுச் சாரதாவை 23 வயது இராமகிருஷ்ணருக்கு மணம் முடித்தார்கள். பெண் பிறந்தகத்திலே வளர்ந்தாள். தட்சிணேசுவரத்துக் கோயிலில் இருக்கும் மாப்பிள்ளைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊர்ப் பெண்கள் குளத்தங்கரையில் பேசத் தொடங்கினார்கள். சாரதா அழவும் இல்லை, நம்பவும் இல்லை. உண்மையிலேயே உடல்நலம் கெட்டிருந்தால் அவர் பக்கத்தில் நான் இருக்கவேண்டும் அல்லவா என்று எண்ணி, 1872-ல், 18 வயதில், தகப்பனாரோடு நடந்தே புறப்பட்டார். வழியில் கடுமையான காய்ச்சல். அப்படியும் போய்ச் சேர்ந்தார்.

இராமகிருஷ்ணர் ஒளிக்காமல் கேட்டார்: என்னைச் சம்சாரத்துக்குள் இழுக்க வந்தாயா? இல்லை, உங்கள் வழியில் உங்களுக்குத் துணை செய்யவே வந்தேன் என்றார் சாரதா. கேட்காமலே போகிற ஆண்பிள்ளைகள் இருக்கும் உலகில், அவர் கேட்டார் என்பதே பெரிது.

கோயிலின் நகபத் என்னும் மேளக்கட்டில், ஒரு சின்னஞ்சிறு அறையில், அத்தனை பாத்திர பண்டங்களுக்கும் நடுவே இருந்துகொண்டு, கணவருக்கும் அவருடைய சீடர்களுக்கும் சமைத்துப் போட்டார். 1886-ல் இராமகிருஷ்ணர் மறைந்த பிறகு, காமார்புகூர் கிராமத்தில் அவர் தனித்திருந்த காலத்தில், சோற்றுக்கு உப்பு வாங்கக்கூட முடியாத நாள்கள் இருந்தன. பின்னால் சீடர்கள் அறிந்து பதறினார்கள். நாடெங்கும் 'அன்னை' என்று வணங்கிய அந்த அம்மையார் 1911-ல் நம் சென்னைக்கும் வந்து, மயிலாப்பூரில் தங்கி, இராமேசுவர யாத்திரையும் செய்தார். தமிழ் தெரியாது, ஆனாலும் தரிசிக்க வந்தவர்கள் மனம் நிறைந்து போனார்கள்.

பெயர் இல்லாதவள்

கடைசியாகச் சொல்லப்போவது காலத்தால் முந்தியது. கிறிஸ்தவ உலகின் மாபெரும் ஞானிகளில் ஒருவரான அகஸ்டின் 354-ல் வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில், பிறந்தவர். தாய் மோனிகா பக்தி மிகுந்த கிறிஸ்தவப் பெண். பிள்ளையோ வேறு கொள்கைகளில் திரிந்தான். தாய் ஆண்டுக்கணக்கில் அவனுக்காக அழுது ஜபித்தாள். ஒரு நாள் இரவு கார்த்தேஜ் துறைமுகத்தில் தாயை ஏமாற்றிவிட்டு ரோமாபுரிக்குக் கப்பலேறினான். அவள் கடல் கடந்து மிலான் நகரம் வரை அவனைத் தேடிப் போனாள். 387-ல் ஈஸ்டர் பண்டிகையின்போது அகஸ்டின் அங்கே ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டில், ஊர் திரும்பும் வழியில், ஓஸ்தியாத் துறைமுகத்தில் மோனிகா 56-ஆம் வயதில் நிம்மதியாகக் கண்ணை மூடினாள். அமெரிக்காவில் சாண்டா மோனிகா என்று ஒரு நகரமே அந்தத் தாயின் பெயரில் இருக்கிறது.

ஆனால் அதே வீட்டில் இன்னொருத்தி இருந்தாள். பல ஆண்டுகள் அகஸ்டினோடு வாழ்ந்து, அவருக்கு அதியோதாத்துஸ் என்ற மகனைப் பெற்றவள். முறைப்படி மணமானவள் அல்ல. மிலானில், அந்தஸ்துக்கு ஏற்ற இடத்தில் பெண் பார்த்தார்கள். அதில் மோனிகாவுக்கும் பங்கு உண்டு. இவள் இடைஞ்சல் என்று ஆப்பிரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டாள். பிள்ளையைத் தகப்பனிடம் விட்டுவிட்டு, இனி வேறொருவரை ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்று சபதம் செய்துவிட்டுப் போனாள். பார்த்த பெண்ணையும் அகஸ்டின் கடைசியில் மணக்கவில்லை.

பிற்காலத்தில் தம் குற்றங்களையெல்லாம் கடவுளிடம் ஒப்புக்கொண்டு அகஸ்டின் ஒரு நூல் எழுதினார். இவளைப் பிரிந்தபோது தம் இதயம் கிழிந்து இரத்தம் கசிந்தது என்று அதில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். சிறுவயதில் பேரிக்காய் திருடியதைக்கூட எழுதிய அந்த மகான், அவள் பெயரை எழுதவில்லை.

அத்தை நிமிர்ந்தார். "அவள் பெயர் என்ன?"

"யாருக்கும் தெரியாது, அத்தை."

மொச்சைத் தட்டு மடியிலேயே இருந்தது. வெகுநேரம் கழித்து அத்தை பேசினார்.

"இத்தனை பேர் கதையைச் சொன்னாய். எனக்கு ஒன்று புரிகிறது. போனதைத் தப்பு என்று நான் எப்போதும் சொன்னதில்லை. பெரிய காரியம் இருந்தால் போகட்டும். ஆனால் இவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தர் மனைவியின் அறையைத் தேடி வந்தார். ஒருத்தர் மாலையைப் பார்த்து நெகிழ்ந்தார். ஒருத்தர் வந்து ஏர் பிடித்தார். ஒருத்தர் கேட்டுக்கொண்டார். இந்தக் கடைசி மனிதர்கூட, வலித்தது என்று எழுதியாவது வைத்தார். உன் மாமாவிடமிருந்து ஒரு கார்டு வந்ததில்லை."

அத்தை அந்தப் பேச்சில் எழுந்து உள்ளே போகாமல் இருந்தது, எனக்குத் தெரிந்து, இதுதான் முதல் தடவை.

"இதையெல்லாம் எழுதட்டுமா, அத்தை? உங்களைப் பற்றியும்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எழுதேன். போனவர்களைப் பற்றியே எவ்வளவு நாள் எழுதுவாய்!" என்றவர், சற்று யோசித்துவிட்டு, "என் பெயரைப் போடாதே. அவளுக்கே இல்லையாம், எனக்கு எதற்கு?" என்றார். பிறகு கையை ஊன்றி எழுந்து, மொச்சையை அலம்பப் போய்விட்டார்.

அத்தையின் சொல்லை மீறும் துணிச்சல் எனக்கு இல்லை, பெயரைப் போடவில்லை. ஆனால் சென்ற வாரக் கட்டுரையை நான் அச்சுக்குக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இது.